பட்டியல் வாசிக்கும்போது எழுந்து நிற்கும் மகள்கள்

பட்டாபிராமில் 21 மாடிகளுடன் டைடல் பூங்கா நிற்கிறது. 2024 நவம்பர் 22 அன்று முதல்வர் திறந்துவைத்த அந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு 330 கோடி ரூபாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் நிறுவனங்கள் வந்துவிட்டன. ஆவடி முதல் பூந்தமல்லி வரை காலையில் கல்லூரிப் பேருந்துகள் சாலையை அடைக்கின்றன. அவற்றில் நம் சேரிப் பெண்களும் கணினி அறிவியல் படிக்கப் போகிறார்கள். தூய்மைப் பணியாளர், சித்தாள், ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரின் மகள்கள் அவர்கள். வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர்.

இந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் அ.லலிதா சேர்ந்தார்; 1943-ல் படிப்பை முடித்து நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படித்துச் சாதித்தவர் அவர். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் உள்ளே அவருக்காகப் பேச ஓர் ஆள் இருந்தார். நம் பெண்களுக்கு அப்படி ஆளில்லை. சட்டமும் அரசாணையும்தான் அவர்களுக்காகப் பேசின. 18 விழுக்காடு இட ஒதுக்கீடு, அதற்குள் 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிப்பு, 2010-ல் முதல் பட்டதாரி சலுகை, 2011-ல் நம் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி, 2012-ல் அரசாணை 92, 2022-ல் புதுமைப் பெண் என ஒவ்வொரு படியாக ஏறித்தான் அவர்கள் வகுப்பறைக்கு வந்திருக்கிறார்கள்.

வகுப்பறைக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

"ஸ்காலர்ஷிப்காரங்க எழுந்திருங்க"

எங்களிடம் பேசும் மாணவிகள் கல்லூரிப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். நடந்ததைச் சொல்லத் தயங்குவதில்லை. முதல் பருவத்திலேயே ஓர் அலுவலர் வகுப்புக்கு வந்து, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப்காரங்க எழுந்திருங்க" என்கிறார். 60 பேர் இருக்கும் வகுப்பில் ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்கிறார்கள். அன்றிலிருந்து யாரோடு யார் சாப்பிடுவது, யார் எந்த புராஜெக்ட் குழுவில் சேருவது எல்லாம் மாறிவிடுகிறது. குழுவில் இடம் கிடைத்தாலும், நிரல் எழுதுவதை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "நீ ரிப்போர்ட் டைப் பண்ணிடு" என்று இவளிடம் சொல்லிவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் புராஜெக்டைப் பற்றிக் கேட்டால் டைப் செய்தவள் என்ன பதில் சொல்வாள்?

பையன்கள் ஆய்வகத்தில் மாலையிலும் உட்கார்ந்து பழகுகிறார்கள். இவள் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். வீடோ ஒற்றை அறை. இருக்கும் ஒரு செல்போனை அண்ணன் வைத்திருப்பான். தமிழ் வழியில் படித்துவந்தவளுக்கு முதல் ஆண்டு அரியர் விழுந்தால், "கோட்டாவில் வந்தவங்க இப்படித்தான்" என்ற பேச்சு காதில் விழுகிறது.

இவை வெறும் மனவருத்தங்கள் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், ஒதுக்கீட்டில் வந்தவர் என முத்திரை குத்துவதையும், படிப்பில் பின்தங்குவதற்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவதையும் பாகுபாடு என்றே வரையறுக்கின்றன. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாங்கள் கேட்டால், மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒதுக்கீடு நிற்கும் இடம்

தனியார் வேலையில் இட ஒதுக்கீடு கிடையாது. வளாக நேர்காணலில் அரியர் இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும். அதையும் தாண்டினால், "எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி காத்திருக்கிறது. முகவரியில் இருக்கும் 'காலனி' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததன் அருமை, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

கடல் கடந்தாலும் இது விடுவதில்லை. 2020-ல் அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர், தான் ஐஐடியில் ஒதுக்கீட்டில் படித்ததைச் சக பணியாளர்களிடம் மேலாளர் அம்பலப்படுத்தினார் என்று புகார் சொன்னார். கலிபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்கு தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023-ல் இரு மேலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது; நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே 2020 அக்டோபரில், கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்த 30 தலித் பெண் பொறியாளர்கள் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வழியாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேலைக்கு எடுப்பதிலும், பரிந்துரைப்பதிலும், சக ஊழியர் மதிப்பீட்டிலும் சாதி புகுந்து விளையாடுவதாக அவர்கள் சொன்னார்கள். கலிபோர்னியாவில் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், அம்பத்தூரில் பயிற்சி ஊழியராகச் சேரும் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

செய்யக் கூடியவை

நாங்கள் கேட்பவை கடினமானவை அல்ல. உதவித்தொகைத் தகவலை மாணவியின் செல்போனுக்குத் தனியாக அனுப்பலாம். வகுப்பில் எழுப்பி நிறுத்தத் தேவையில்லை. அரசு தர வேண்டிய தொகை வரத் தாமதமானால், அதைச் சொல்லி மாணவியைத் தேர்வறை வாசலில் நிறுத்தக் கூடாது. ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வைத்து, பெண்களுக்குப் பின்நேரப் பேருந்து ஒன்று விடலாம்.

வேலை கிடைத்தவர்களின் படங்களைக் கல்லூரிகள் விளம்பரப் பலகையில் போடுகின்றன. அதோடு, தேர்வு எழுதிய பட்டியலின மாணவிகள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், என்ன சம்பளம் என்பதையும் வெளியிடட்டும். டைடல் பூங்கா அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து உருவாக்கியது. அதில் இடம் பிடிக்கும் நிறுவனங்களிடம், யாரை வேலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகளைச் சேர்க்கக் கல்லூரிக்குப் போகும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பாகுபாடு தடுப்பு அலுவலர் யார், அவருடைய அறை எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை ஒரு மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒரு பெற்றோர் கேட்டால் அலட்சியப்படுத்துவார்கள். ஐம்பது பெற்றோர் கேட்டால் அறிவிப்புப் பலகையில் பெயர் வந்துவிடும்.