செவியே உரைகல்

விலை மிகுந்த ஒலிக்கருவிகளுள் உயர்ந்தது எது என்று மாணாக்கர் வினவுகின்றனர். ‘ஹை-ஃபை’ என்பது மூல ஒலிக்கு உண்மையாயிருத்தலே. பேரொலி எழுப்புதல் அன்று. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. திருவிழாக்களிற் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியோ நடுத்தர ஒலிகளையே தொலைவுக்குச் செலுத்தும்; ஆழ்ந்த ஒலிகளைக் கைவிடும்.

டயகமவில் காமன்கூத்தின் தப்பொலியைப் பதிவுசெய்து, மாணாக்கர் சூழ இருவகைக் கருவியிலும் கேட்டேன். மலைப்பனியில் தளர்ந்த தோலைத் தீயிற் காய்ச்சினால் தப்பின் ஒலி இறுகிக் கூர்மை பெறும். கூம்பில் அவ்வேறுபாடு மங்கிற்று. மற்றதில் தெளிவாய்ப் புலப்பட்டது. கலைஞர் இடமும் வலமுமாக நின்ற நிலைகூடத் தெரிந்தது. அது, 1931-இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இருவழி ஒலிப்பதிவின் பயன்.

ஆயினும், தப்பு முழங்கும் களத்தில் ஒருநாளும் நின்றறியாத மாணாக்கன் ஒருவன், “இரண்டும் ஒன்றுதானே, ஐயா?” என்றான். மூல ஏட்டைக் காணாதவன் பதிப்புகளின் பாடபேதத்தை எங்ஙனம் தெளிவான்? தப்படிக்கும் கைகள் ஓய்ந்துவிடின், எத்துணை உயர்ந்த கருவியும் சான்றில்லாத பிரதியே ஆகும். ஆதலின் இளைஞர்காள், கருவி வாங்குமுன் கூத்துக்களத்திற்குச் செல்லுங்கள். செவியை முதலில் பழக்குங்கள்.