சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கோ ஷூ கம்பெனிக்கோ ஆள் போகாத தெரு குறைவு. மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும்தான் பலர் பார்க்கிறார்கள். மேலே உள்ள வரிகளில்தான் நமக்குச் சேர வேண்டியது இருக்கிறது.

முதல் வரி அடிப்படைச் சம்பளம். தோல் பதனிடுதலும் தோல் பொருள் தயாரிப்பும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்ட அட்டவணையில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற தொழில்கள். வேலையின் தரத்தைப் பொறுத்து அடிப்படைச் சம்பளத்துக்கு மாநில அரசு குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கிறது. அடுத்தது பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் இது மாறும். ஏப்ரல் மாதச் சீட்டில் இந்த வரி மாறவில்லையென்றால் கேளுங்கள்.

இனி பிடித்தம். கணக்குக்காக, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது ரூ.1,440. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், ரூ.90. கைக்கு வருவது ரூ.10,470. முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு ரூ.1,440, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக ரூ.390 கட்ட வேண்டும். அவர் கட்டும் பி.எஃப். பங்கில் சுமார் ரூ.1,000 உங்கள் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது.

நம் பகுதியில் பெரிய இழப்பு நேர்வது இங்கேதான். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறோம். ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். பி.எஃப். கணக்குக்கான உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே புதிய கம்பெனியில் கொடுத்து, கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

சீட்டில் மாதாமாதம் தெரியாத உரிமைகளும் உண்டு. போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டிப்புச் சம்பளம். ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பிறகு சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன சம்பளத்தில் பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு ரூ.69,231 வரும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு சட்டத் தொகுப்புகளாகியுள்ளன. மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பஞ்சப்படி அல்லாத படிகளாகக் காட்டினால், அந்த உபரியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படையைக் குறைத்துக் காட்டிப் பிடித்தத்தைச் சுருக்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை.

சீட்டே இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் அவர்கள். வீட்டுக்கு வேலை வாங்கிச் செய்பவரையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்றே வரையறுத்தது. நடைமுறையில் அவர்களுக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், முதுமை ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படித் தைப்பவர் இருந்தால், இந்த வாரமே தொழிலாளர் நல அலுவலகத்துக்கு அழைத்துப்போய் அவர் பெயரைப் பதிய வையுங்கள்.