ஒரே வாரத்தில் மூடிய இரண்டு பள்ளிகள்

2020 மார்ச் 17. ஃப்ரீமான்ட் இருக்கும் அலமீடா கவுண்டி உட்பட பே ஏரியாவின் ஆறு கவுண்டிகளில், வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்ற உத்தரவு அன்று அமலுக்கு வந்தது. என் மகளின் பள்ளி அதற்குள் மூடியிருந்தது. தமிழ்நாட்டிலும் அதே தேதியிலிருந்து பள்ளிகளுக்கு விடுமுறை. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளியில் படித்த என் அக்கா மகளும் வீட்டில் உட்கார்ந்தாள். இருவருமே அப்போது ஒன்றாம் வகுப்பு.

எங்கள் வீட்டில் சில வாரங்களில் வகுப்பு ஆன்லைனுக்கு மாறியது. பள்ளியே குரோம்புக் கொடுத்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் நான் ஆபீஸ் மீட்டிங்கில், இன்னொரு பக்கம் மகள் ஜூமில். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று நானும் மனைவியும் தினமும் புலம்பினோம். நண்பர்களோடு போனில் பேசினாலும் இதே புலம்பல்தான்.

ஊரைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வருகிறது, வாட்ஸ்அப்பில் டீச்சர் வீட்டுப்பாடம் அனுப்புகிறார் என்று அக்கா சொன்னாள். சரி, நடக்கிறது என்று விட்டுவிட்டேன்.

2021 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணி. ஊரில் ஞாயிறு காலை எட்டரை. வீடியோ காலில் அக்கா மகளிடம், "தமிழ்ப் புத்தகத்தை எடுத்து மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றேன். கடகடவென்று வாசித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். "அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்றேன். திருப்பினாள். பேச்சே இல்லை. படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். முன்பக்கத்தை அவள் வாசிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள்.

அவளை அனுப்பிவிட்டு அக்காவிடம் கோபப்பட்டேன். "என்னக்கா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"வீட்ல போன் ஒண்ணுதான் தம்பி. காலையில அத்தான் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுறாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு அவங்க வர்றதுக்குள்ள இது தூங்கிடுது. டிவியில சொல்றது இதுக்குப் புரியலை. கேட்டா, நிறுத்தித் திருப்பிச் சொல்ல அதுல ஆளா இருக்கு?"

பதில் சொல்ல முடியவில்லை. பத்து மாதமாக வாரா வாரம் பேசியிருக்கிறேன். "சாப்டீங்களா, மாஸ்க் போடுறீங்களா" என்று கேட்டிருக்கிறேன். "வீட்ல எத்தனை போன் இருக்கு?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த வாரமே பணம் அனுப்பி ஒரு போன் வாங்கச் சொன்னேன். சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு வரும். முக்கால்வாசி நேரம் "கேக்குதா, கேக்குதா?" என்பதிலேயே போய்விடும்.

2021 ஆகஸ்டில் என் மகள் முழு நேரப் பள்ளிக்குத் திரும்பினாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நவம்பர் 1-ல்தான் திறந்தது. நாள் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே பதினேழு மாதம், அங்கே பத்தொன்பதரை மாதம். ஆனால் அந்தப் பதினேழு மாதமும் என் மகள் எதிரே திரையிலாவது ஓர் ஆசிரியர் இருந்தார். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினாள். அக்கா மகள் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அவளைக் கைதூக்கிவிட்டது என் போன் அல்ல. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், அவர்கள் தெருவிலேயே ஓர் அக்கா தன்னார்வலராகச் சேர்ந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, அ, ஆ-விலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து எழுத வைக்கும் ஆள்தான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அதை என்னால் செய்ய முடியவில்லை.

கொரோனா முடிந்த கதை என்று நாம் நினைக்கிறோம். அன்று ஒன்றாம் வகுப்பில் விட்டுப்போனதை இன்னும் சுமந்துகொண்டு பெரிய வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் ஒவ்வொருவரின் சொந்தத்திலும் இருக்கலாம். ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், படித்த பள்ளிக்கு நன்கொடையும் தருகிறோம், நல்லது. அதோடு, அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது அந்தப் பிள்ளையை எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் "சபாஷ்" சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். இன்னொரு பக்கத்தையும் திருப்பச் சொல்லுங்கள்.