கதையை மறந்து படத்தைப் பாருங்கள்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ஷாட்டோ லோரியே என்றொரு பழைய ஹோட்டல். அங்கே ஒரு சுவரில் வின்ஸ்டன் சர்ச்சிலின் படம் நீண்ட காலமாக மாட்டியிருந்தது. எடுத்தவர் யூசுஃப் கார்ஷ். அவரே கையெழுத்துப் போட்ட பிரதி. 2021 கிறிஸ்துமஸுக்குப் பிறகு, 2022 ஜனவரி முதல் வாரத்துக்குள், யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்போதும் ஊழியர் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது படத்தைப் பார்த்து அல்ல. சட்டம் பக்கத்தில் இருந்த மற்ற சட்டங்களோடு ஒத்துப்போகவில்லை. அசல் 2024இல் இத்தாலியில் கிடைத்தது.

அந்த ஏழெட்டு மாதத்தில் எத்தனையோ பேர் அதன் முன் நின்று, "ஓ, இதுதானா அந்தப் படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரொம்பப் பிரபலமான புகைப்படங்களை யாருமே பார்ப்பதில்லை. அவற்றைச் சுற்றி ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நினைத்துக்கொண்டு திருப்திப்பட்டுவிடுகிறோம்.

சர்ச்சில் படத்தின் கதை பலருக்கும் தெரியும். 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டுச் சபாநாயகர் அறைக்கு வந்தார் சர்ச்சில். படம் எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எரிச்சலோடு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டினார், சர்ச்சில் கண்டுகொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாயிலிருந்த சுருட்டை வெடுக்கென்று எடுத்துவிட்டார் கார்ஷ். அந்தக் கோபம்தான் படத்தில் உள்ள முறைப்பு.

கதை உண்மைதான். ஆனால் சுருட்டு கொடுத்தது முகபாவத்தை மட்டுமே. மற்றதெல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்ட வேலை. அந்த அறையில் விளக்குகளை அன்றே நிறுத்தி, சரிபார்த்து வைத்திருந்தார் கார்ஷ். ஒட்டாவாவின் நாடக மேடையில் விளக்கு வைப்பதைப் பார்த்து, செயற்கை வெளிச்சத்தைக் கையாளக் கற்றவர் அவர். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: கறுப்புக் கோட்டுப் போட்ட கனத்த மனிதர், பின்னால் இருண்ட மரச் சுவர். கறுப்பின் மேல் கறுப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துபோயிருக்க வேண்டாமா? கரையவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் ரிம் லைட் என்று சொல்வார்கள். ஆளுக்குப் பின்னாலிருந்து, பக்கவாட்டில் விடும் வெளிச்சம். உருவத்தின் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகப் பட்டு, ஆளைச் சுவரிலிருந்து பிரித்து முன்னே தள்ளிவிடும். கார்ஷின் கைநேர்த்தி இதில்தான் இருந்தது. கைகளையும் அவர் சும்மா விடமாட்டார். முகத்துக்கு ஒரு வெளிச்சம் என்றால் கைக்குத் தனியாக ஒன்று. சர்ச்சிலின் ஒரு கை இடுப்பில். இன்னொன்று நாற்காலி முதுகில். அந்த இரு கைகளையும் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். சிடுசிடுப்பான ஒரு கிழவர் மட்டும்தான் மிஞ்சுவார்.

விளக்கு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் விளக்கு. நிழல் நீண்டு கீழே இறங்கினால் விளக்கு உயரத்தில். கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணினால், முன்னாலிருந்து வந்த வெளிச்சங்களின் எண்ணிக்கையும் வடிவமும் பெரும்பாலும் பிடிபடும். ஜன்னல் என்றால் கட்டமாகத் தெரியும். இதைப் பழகிக்கொண்டால் கல்யாண ஆல்பத்தைக்கூட நிம்மதியாகப் புரட்ட முடியாது.

கார்ஷ் கதையில் பலர் தவறவிடுவது அடுத்த படத்தை. முறைப்பு முடிந்ததும் சர்ச்சில் சிரித்துவிட்டார். இன்னொன்று எடுத்துக்கொள் என்று அனுமதியும் கொடுத்தார். அதே அறை, அதே விளக்குகள், அதே கோட்டு. அதில் இருப்பது பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் தாத்தா. கார்ஷுக்கு அந்தப் படம்தான் பிடிக்கும் என்று சொல்வார்கள். உலகம் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டது. 2016இல் இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டிலும் அதுவே ஏறியது. ஹிட்லருக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் பிரிட்டன் என்று நாம் படிக்கும் அந்த முகம், உண்மையில் ஒரு போட்டோகிராபர்மேல் வந்த கோபம். போர்க்காலத்து வாசகன் அதில் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டான். படத்தின் பொருள் எடுத்தவரிடமும் இல்லை, எடுக்கப்பட்டவரிடமும் இல்லை, பாதிக்கு மேல் பார்ப்பவரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

நமக்கு நெருக்கமான ஒரு படத்துக்கு வருவோம். காந்தியும் ராட்டையும். 1946இல் பூனாவில் 'லைஃப்' இதழுக்காக மார்கரெட் பர்க்-வொய்ட் எடுத்தது. இதற்கும் ஒரு கதை உண்டு. ராட்டையில் நூற்கக் கற்றுக்கொண்டால்தான் படம் எடுக்கலாம் என்று காந்தியின் செயலாளர் நிபந்தனை போட்டார். அம்மையாரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன விரத நாள், பேச்சு கிடையாது. கண்ணைக் கூசும் வெளிச்சம் அவருக்கு ஆகாது என்பதால் மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டும் அனுமதி. அந்தக் காலத்துப் பல்பு ஒரு தடவைதான் எரியும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகச் சுருள் பொசுங்கி ஒளி விடும் அந்தக் கணத்தில் ஷட்டர் சரியாகத் திறந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பல்பு வீண். முதல் இரண்டும் வீணாகி, மூன்றாவதில் படம் விழுந்தது என்பது கதை.

இப்போது படத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்: அதில் காந்தி என்ன செய்கிறார்? நான் கேட்ட பலரும் "நூல் நூற்கிறார்" என்றார்கள். இல்லை. அவர் படித்துக்கொண்டிருக்கிறார். கையில் காகிதங்கள், குனிந்த தலை. ராட்டையைத் தொடக்கூட இல்லை. பிறகு நமக்கு ஏன் நூற்பதாக ஞாபகம்? அங்கேதான் பர்க்-வொய்டின் கெட்டிக்காரத்தனம்.

ராட்டை கேமராவுக்குப் பக்கத்தில், காந்தி அதற்குப் பின்னால். ஒரு பொருள் லென்ஸுக்குப் பாதி தூரம் நெருங்கினால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஒளியியலின் எளிய கணக்கு இது. அதனால் ராட்டையின் சக்கரம் மனிதருக்குச் சமமாக, ஏன் மனிதரை மிஞ்சியே, இடத்தை எடுத்துக்கொள்கிறது. சக்கரத்தைத் தாண்டித்தான் அவரிடம் போக முடியும். பார்க்கிற கண் முதலில் வட்டத்தில் நுழைந்து, ஆரங்களின் வழியே சுற்றி, அப்புறம்தான் குனிந்த தலையில் போய் நிற்கிறது. தொடாத ராட்டையையும் படிக்கிற மனிதரையும் ஒரே வேலையில் ஈடுபட்டவைபோல நம் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. சக்கரத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்தால், தபால் படிக்கும் ஒரு வயோதிகர். அவரை மூடிவிட்டுச் சக்கரத்தை மட்டும் பார்த்தால் கதர்க் கடை விளம்பரம்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்திருந்தால் உச்சந்தலையும் தரையும்தான் கிடைத்திருக்கும். தரையில் உட்கார்ந்தவரை மேலிருந்து பார்த்தால் சின்னதாகிவிடுவார். பர்க்-வொய்ட் கேமராவை அவர் மட்டத்துக்கு இறக்கினார். வெளிச்சத்தில்தான் சிக்கல் அதிகம். ஜன்னல் வெளிச்சம் எதிரே வரும்போது ஃபிலிம் அதற்கு ஒத்துப்போனால் ஆள் கரிக்கட்டையாகிவிடுவார். ஆளுக்கு ஒத்துப்போனால் ஜன்னல் வெளுத்துவிடும். முன்னாலிருந்து அளவாகக் கொஞ்சம் ஃபிளாஷ் கொடுத்தால் இரண்டும் பிழைக்கும். பர்க்-வொய்டுக்கு அந்த மூன்று பல்புகள் அவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். இந்தப் படம் எடுத்தவுடன் புகழ் பெறவில்லை. 1946இல் காந்தியின் இயற்கை வைத்தியம் பற்றிய ஒரு சிறிய கட்டுரையோடு வந்துபோனது. 1948 ஜனவரியில் அவர் சுடப்பட்ட பிறகு அஞ்சலி இதழில் பெரிதாக அச்சானபோதுதான் அது அந்தப் படமாயிற்று. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் நெகட்டிவில் எதுவும் மாறிவிடவில்லை.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸானின் படத்துக்குக் கதை குறைவு, ஆனால் ஒரு கொள்கையே ஒட்டிக்கொண்டிருக்கிறது: தீர்மானமான கணம். (1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தவரும் இவர்தான்.) 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரில் கிடக்கும் ஏணியிலிருந்து ஒருவர் தாவுகிறார். குதிகால் தண்ணீரைத் தொடப் போகிறது, இன்னும் தொடவில்லை. "எப்பேர்ப்பட்ட டைமிங்!" என்று வியந்துவிட்டு நிறுத்திவிடுவோம். கொஞ்சம் பொறுத்து, பின்னணிச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைத் தேடுங்கள். அதில் ஒரு நடனக்காரி அதேபோலத் தாவுகிறாள், எதிர்த் திசையில். தாவும் மனிதருக்குத் தண்ணீரில் ஒரு பிம்பம். கம்பி வேலிக்கும் ஒரு பிம்பம். தண்ணீரில் கிடக்கும் வளைவுகள், பரவும் சிற்றலைகள் என்று படம் முழுக்க எல்லாமே இரண்டிரண்டு. வெளிச்சமோ மந்தம், அழுத்தமான நிழல் ஒன்றுகூட இல்லை. மங்கிய வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிட, தாவுகிறவர் கறுத்த உருவமாக, அசைவில் சற்றுக் கலங்கித் தெரிகிறார். வெயில் அடித்திருந்தால் இந்தப் படம் கிடையாது.

நறுக்குவதை அவர் அறவே விரும்பாதவர். எடுத்த ஃபிரேம் முழுதாக அச்சாக வேண்டும் என்பார். ஆனால் மிகவும் புகழ் பெற்ற இந்தப் படத்தையே நறுக்கியிருக்கிறார்! பலகை வேலியின் இடுக்கில் லைகா கேமராவை நுழைத்து எடுத்ததால் ஒரு பக்கம் பலகை மறைத்துவிட்டது. அதை வெட்டி எறிந்தார். கணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை என்று சொல்ல எனக்கு இந்தக் கத்தரிக்கோல் போதும்.

வெட்டுவது கத்தரிக்கோலால் மட்டும் அல்ல, காலாலும்தான். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பனியில் பட்டாணிப் பயிர் கருகி வேலை இழந்த கூலிகளின் முகாமில், டாரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். தூரத்தில் தொடங்கி எட்டு வைத்து எட்டு வைத்து நெருங்கியிருக்கிறார். முதல் படங்களில் கூடாரம் முழுதாக இருக்கிறது, மூத்த மகளும் சாமான்களும் தெரிகின்றன. கடைசிப் படத்தில் தாயின் முகமும் மூன்று குழந்தைகளும் மட்டும். இரண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்திருப்பதால் நம் கண்ணுக்குப் போக வேறு முகமே இல்லை. அன்றைய வெளிச்சமும் கைகொடுத்தது. சூரியன் வானத்தில் சின்ன வட்டம், அதனால் நிழல் கத்தியாக விழும். மேகம் மூடினாலோ வானமே விளக்காகிவிடும், நிழல் விளிம்பற்றுக் கரையும். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது, எதுவும் கொடூரமாகத் தெரியவில்லை.

படம் சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது 9 டன் அளவுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது. பெயர் கேட்காமலே லாங் எடுத்த அந்தத் தாய், ஃப்ளாரென்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978இல்தான் வெளியே தெரிந்தது. படமெடுத்தபோது அவருக்கு வயது 32. பிறப்பால் செரோக்கி பழங்குடி. வெள்ளைக்கார ஏழை விவசாயியின் அடையாளமாகவே நாடு அவரைப் பார்த்திருந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

லாங் இன்னொன்றும் செய்தார். படத்தின் வலது கீழ்மூலையில், கூடாரக் கம்பத்தைப் பற்றிய ஒரு கட்டைவிரல் துருத்திக்கொண்டு தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1939இல், நெகட்டிவிலேயே அதை அழிக்க வைத்தார். ஆவணத்தில் கை வைக்கலாமா என்று அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. அரசுச் செலவில் எடுத்தது என்பதால் இந்தப் படத்துக்குக் காப்புரிமை இல்லை. வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில், விரல் உள்ள கோப்பும் அழித்த கோப்பும் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இறக்கி, அந்த மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அழித்ததிலும் விரலின் மங்கிய தடம் இன்னும் இருக்கிறது.