உங்கள் வீட்டுப் பழைய டிரம்முக்கு என்ன வயது? எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்!

ஜவ்வாது மலையானாலும் சரி, அடிவாரத்து ஆலங்காயம், போளூர் பக்கமானாலும் சரி, பழைய இரும்பு டிரம் ஒன்று எங்காவது கண்ணில் படும். மழைத்தண்ணீர் பிடிக்க, மாட்டுத் தீவனம் போட்டு வைக்க என்று அதற்கு ஆயிரம் வேலை. ஓட்டை விழுந்ததும் காயலான் கடைக்குப் போய்விடும். எடைக்குப் போடும் முன் அதை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அதன் வயது அதிலேயே எழுதியிருக்கலாம்.

கம்பெனி பெயர் என்ன?

மூடி இருக்கும் மேல்தட்டையும் அடித்தட்டையும் முதலில் பாருங்கள். 'பர்மா ஷெல்' என்றிருந்தால் அது 1928-க்கும் 1976-க்கும் இடைப்பட்டது. 1976-ல் அரசுடைமையான அந்த நிறுவனம்தான் 1977-ல் 'பாரத் பெட்ரோலியம்' ஆனது. 'எஸ்ஸோ' என்றால் 1974-க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் 'இந்துஸ்தான் பெட்ரோலியம்' உருவானது. எஸ்ஸோவுக்கும் முந்தைய பெயர் 'ஸ்டான்வாக்'. 'கால்டெக்ஸ்' 1976 இறுதியில் அரசிடம் வந்து, 1978-ல் இந்துஸ்தான் பெட்ரோலியத்துடன் இணைந்தது. 'இந்தியன் ஆயில்' என்றிருந்தால் 1959-க்கு முன்பு போகவே முடியாது.

கேலனா, லிட்டரா?

நாம் 200 லிட்டர் டிரம் என்பதை அந்தக் காலத்தில் 44 கேலன் டிரம் என்பார்கள். இரண்டும் ஒரே அளவுதான். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கேலனில் மட்டும் அளவு இருந்தால், பெரும்பாலும் அதற்கு முந்தையது.

முகவரியும் பேசும்

ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. 'மெட்ராஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தையது. அரசு அலுவலக டிரம்மில் 'வட ஆற்காடு' என்று மட்டும் பெயின்ட்டில் எழுதியிருந்தால், 1989-ல் அந்த மாவட்டம் பிரிவதற்கு முன் எழுதியதாக இருக்கலாம். இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை, அன்று அந்த ஒரே மாவட்டத்தில்தான் இருந்தது.

புதிய டிரம் என்றால் வேலை சுலபம். வட்டத்துக்குள் 'யு.என்.' குறி இருக்கிறதா பாருங்கள். அந்த வரிசையில் நாட்டின் குறியீட்டுக்கு முன்னால் வரும் இரண்டு இலக்கம்தான் தயாரித்த ஆண்டு.

ஒரு விஷயத்தில் கவனம். பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் பிற்பாடு அடித்திருக்கலாம். தகட்டிலேயே மேடாக எழும்பிய எழுத்தைத்தான் அதிகம் நம்பலாம். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

வயதைவிட முக்கியமானது

உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் குடிதண்ணீரோ தானியமோ வைக்கவே கூடாது. பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

அடுத்தது, அடுப்பு செய்யவோ தொட்டியாக்கவோ டிரம்மை வெட்டுவது. காலியாகிப் பல வருடம் ஆன எண்ணெய் டிரம்மிலும் கசடு ஒட்டியிருக்கும். கேஸ் கட்டிங், வெல்டிங் சூட்டில் அது ஆவியாகித் தீப்பிடித்தால் டிரம் வெடித்துவிடும். இப்படி உயிர்ப்பலிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மூடியைத் திறந்து வைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். முறையாகச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால், வெட்டாமல் விட்டுவிடுவதே நல்லது.

விற்பதென்று முடிவு செய்துவிட்டால், எழுத்து இருக்கும் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், 'இது எந்த வேலைக்கு, எப்போது வந்தது?' என்று கேட்டு எழுதி வையுங்கள். டிரம்மில் இருக்கும் ஆண்டும் அவர்கள் சொல்லும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே சுவாரஸ்யமாக இருக்கும்!