டிஸ்க்குக்கும் பொருத்தம் பார்க்கணும்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க் வாங்கும்போது மட்டும் ஒரே பொருத்தம்தான்: விலை! அப்புறம், "டிஸ்க்கே தெரியலை சார்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பல கேஸ்களில் டிஸ்க் நிரபராதி.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இருப்பது 2005-ல் வாங்கிய கம்ப்யூட்டர். எக்ஸ்.பி., 80 ஜி.பி. டிஸ்க், கர்ர் கர்ரென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். அவருடைய கணக்கு சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. ஒரு நாள் டிஸ்க் 'டக்... டக்...' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

"தம்பி, யாரு எவ்வளவு பாக்கின்னு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு. இருந்தும் போனேன்!

முதல் காரியமாக, கணக்கு ஃபைல்களை மட்டும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்தோம். சத்தம் போடும் டிஸ்க்கை நம்பி, டீ குடிக்கப் போகக்கூடாது. பிறகுதான் கடைப் பையன் வாங்கி வந்திருந்த 500 ஜி.பி. டிஸ்க்கைக் கையில் எடுத்தோம்.

ஒயர் பொருத்தம்: பழைய ஐ.டி.இ. டிஸ்க்கின் கேபிள் ரிப்பன் மாதிரி அகலம். புதியது சாட்டா, கேபிள் ஒல்லி. நல்லவேளை, மதர்போர்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது. பவர் ஒயர்தான் பழைய நாலு முனை ரகம். சின்ன கன்வெர்ட்டர் மாட்டினோம்.

வேகப் பொருத்தம்: டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போனால், டிஸ்க்கைக் காணோம். "அவுட்டு சார்" என்றான் பையன். கேபிளை மாற்றினோம். ம்ஹூம். முதல் தலைமுறை சாட்டாவுக்குத் தெரிந்த வேகம் நொடிக்கு 1.5 ஜிகாபிட். புது டிஸ்க் அதைவிட வேகம். இரண்டும் பேசி ஒரு வேகத்துக்கு வரவேண்டும். சில பழைய போர்டுகளுக்கு அந்தப் பேச்சுவார்த்தையே வராது. இதற்காகவே சில டிஸ்க்குகளின் பின்னால் குட்டி ஊசிகள் இருக்கும். லேபிளில் போட்டிருந்தபடி ஒரு ஜம்பரை மாட்டினோம். பயாஸில் பெயர் வந்துவிட்டது!

ஆனால் மை கம்ப்யூட்டரில் வரவில்லை. பதற வேண்டாம். புது டிஸ்க் காலி நிலம் மாதிரி. டிஸ்க் மேனேஜ்மென்ட் போய்ப் பட்டா போட்டு, மனை பிரித்தால்தான் கண்ணில் படும்.

எங்களுக்கு மொத்த டிஸ்க்கையும் குளோன் செய்வதுதான் வேலை. இங்கேதான் ஆபத்து. எதிலிருந்து எதற்கு என்று சாஃப்ட்வேர் கேட்கும். பையன் கட்டை விரலைக் கடித்தபடி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'ஓ.கே.'யை நெருங்கினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். திசை தலைகீழ்! காலி டிஸ்க், கணக்கு டிஸ்க்கின் மேல் ஏறியிருக்கும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற பெயரை நம்பாதீர்கள். 80-ஆ, 500-ஆ என்று அளவைப் பாருங்கள்.

கணக்குப் பொருத்தம்: 500 ஜி.பி. என்று வாங்கியது, விண்டோஸில் 465 என்றுதான் வந்தது. பி.காம். படித்தவன் 35-ஐ விடுவேனா? யாரும் திருடவில்லை. டிஸ்க் கம்பெனிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கணக்கு. விண்டோஸுக்கு 1,024, 1,024-ஆகக் கணக்கு. டாலி ஆகிவிட்டது!

உங்களுக்கு 127 என்று வந்தால் அது வேறு வியாதி. பழைய முறையில் டிஸ்க்கின் முகவரிக்கு 28 பிட்தான். அதைத் தாண்டி எண்ணத் தெரியாது. எக்ஸ்.பி.க்கு 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் 48 பிட் வந்தது. பயாஸும் ஒத்துழைக்க வேண்டும். சுமார் 2 டெராபைட்டில் இன்னொரு சுவர் இருக்கிறது. எனவே பழைய பெட்டிக்கு 4 டெராபைட் வாங்கிப் பெருமைப்படாதீர்கள்.

எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்பை நிறுத்திவிட்டது. கணக்கு மிஷினை இன்டர்நெட் பக்கம் விடவே வேண்டாம்.

ஒரு விஷயம். 'டக் டக்' என்று சொல்லிவிட்டுப் போகிற டிஸ்க் நல்ல டிஸ்க். சொல்லாமல் போகிறதும் உண்டு. உங்கள் காப்பி எங்கே இருக்கிறது?