மில் வாசலில் இரட்டைச் சொற்கள்

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடும் நமக்கு ஒரு தொல்லை உண்டு. இரு வேறு சொற்களுக்கு அகராதி ஒரே தமிழ்ச் சொல்லைத் தந்துவிடும். 'ஹவுஸ்' என்றாலும் வீடு. 'ஹோம்' என்றாலும் வீடு. தேர்வுக்கு அது போதும். ஆனால் பீளமேட்டில் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்கு இந்த வேறுபாடு தேர்வோடு முடிவதில்லை. சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் வரும்படியே அதில் அடங்கிவிடுகிறது. ஆகவே பாடநூல் இணைகளை விட்டு, எங்கள் பகுதியில் புழங்கும் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நூல். 'யார்ன்' என்பதும் நூல், 'திரெட்' என்பதும் நூல். மில்லில் பஞ்சை நூற்றுக் கோனில் சுற்றி, தறிக்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் அனுப்புவது யார்ன். அந்த இழைகள் இரண்டையோ மூன்றையோ சேர்த்து முறுக்கித் தையலுக்கு ஏற்றவாறு பதப்படுத்தினால் அது திரெட். பருத்தி யார்னின் மென்மையைக் 'கவுண்ட்' கணக்கில் சொல்வர். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குமோ, அந்த எண்ணே கவுண்ட். 40 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு நூல் 33,600 கெஜம் நீளும். எண் ஏற ஏற நூல் மெலியும். (புத்தகத்தையும் நூல் என்கிறோமே என்று கேட்கலாம், அதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன்.)

'வேஜ்', 'சேலரி' இரண்டையும் சம்பளம் என்றே சொல்கிறோம். நாளுக்கோ செய்த வேலையின் அளவுக்கோ கணக்கிட்டுத் தருவது வேஜ். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக வருவது சேலரி. நம் பேராசிரியர்கள் பெறுவது பின்னது. என் தந்தையார் பெற்றது முன்னது.

இவற்றினும் முக்கியமானது 'லே-ஆஃப்', 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்னும் இணை. தெருவில் இரண்டுக்கும் "வேலை இல்லைன்னுட்டாங்க" என்பதே பேச்சு. 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இவற்றைத் தெளிவாகப் பிரித்தது. 2020 ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டது. மின்சாரமோ பஞ்சோ கிடைக்காமலோ, எந்திரம் பழுதாகியோ, சரக்குத் தேங்கியோ வேலை கொடுக்க இயலாதபோது அது லே-ஆஃப். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர்க்குப் பொதுவாக அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்க வேண்டும். ரிட்ரெஞ்ச்மெண்ட் என்பதோ வெட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பெயரே பதிவேட்டிலிருந்து வெட்டப்படுகிறது. தமிழில் ஆட்குறைப்பு என்பர். அதற்கு ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி மில் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்தார். "கண்ணு, காலேஜுல படிக்கறயல்ல, நம்மள நிறுத்திப் போட்டாங்களா, திரும்பக் கூப்புடுவாங்களா, பாத்துச் சொல்லு" என்றார். தாளில் இருந்தது லே-ஆஃப். திரும்பக் கூப்பிடுவார்கள், அதுவரை பாதிச் சம்பளம் உண்டுங்க என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "நான் பதிலிதானே, எனக்கும் உண்டா?" என்று கேட்டார். ஓராண்டு தொடர்ந்து பணி முடித்த பதிலியை இந்த இழப்பீட்டுக்குப் பதிலியாகக் கருதக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. "ஒரு வருசமா? ஆறு வருசமாச்சு கண்ணு!" என்றார்.

"மில்லை மூடிட்டாங்க" என்பதும் இப்படித்தான். தகராற்றின்போது முதலாளி தற்காலிகமாகக் கதவை அடைத்தால் 'லாக்-அவுட்'. நிலையாக மூடினால் 'குளோஷர்'. நோய்க்காக அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது 'லாக்-டவுன்'. 2020 மார்ச்சில் ஊரடங்கால் நின்ற தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள், ஊரடங்கு நீங்கிய பின்னும் நெடுங்காலம் ஓடவில்லை. அவர்கள் நிலையை இவற்றில் எந்தச் சொல்லால் குறிப்பது?

கடைசியாக, 'கணக்கு முடிக்கிறது' என்னும் மில் வழக்கு. நிர்வாகம் வெளியே அனுப்பினாலும் கணக்கு முடிப்புதான். தொழிலாளி தானாக விலகினாலும் கணக்கு முடிப்புதான். முன்னது ரிட்ரெஞ்ச்மெண்ட், பின்னது 'ரெசிக்னேஷன்'. தானாக விலகியவர்க்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. லே-ஆஃப் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அதே பெரியவரிடம் கணக்கு முடிக்கலாம் என்று சொல்லி அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் கொண்டுவந்து காட்டினார். முதல் வரியிலேயே 'ரிசைன்' என்ற சொல் இருந்தது. என் விருப்பத்தால் விலகுகிறேன் என்பது அதன் பொருள் என்றேன்.

"நான் எப்பக் கண்ணு விருப்பப்பட்டேன்?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்று வரை அவர் கையெழுத்திடவில்லை.